பேப்பர் கிளிப்

நெப்ராஸ்காவில் பனி கொட்டும் இரவு.
ஆர்டித் மாவட்ட வயர்லெஸ் அறையில்,
வெர்லின் சமையலறையில், ஸ்கேனரோடு.
அவள் குரல் வரவேண்டிய இடத்தில்
தகரத்தில் கொட்டிய மக்காச்சோளம்.

கூரையேறி ஆன்டெனாவை உயர்த்தினான்.
இன்னும் மோசம்.
புது கேபிள், நூற்றுப்பத்து டாலர்.
சிக்னல் கோடுகள் ஐந்தும் நிற்கின்றன,
சொல் ஒன்றுகூட நிற்கவில்லை.

மூன்று கோபுரங்கள்
ஒரே வாக்கியத்தை ஒரே நொடியில் அனுப்புகின்றன.
தானியக் கிடங்கருகே இருப்பது முந்தி வருகிறது;
ஆற்றுக்கு அப்பால் இருப்பது
மயிரிழை பிந்தி.
அந்த மயிரிழையில் அறுந்துபோகிறாள் ஆர்டித்.

இரண்டு மணிக்கு, வெறுத்துப்போய்,
ஆன்டெனாவைத் திருகிக் கழற்றினான்.
வரித்தாளில் இருந்த கிளிப்பை நிமிர்த்தி
அந்தத் துளையில் செருகினான்.
நிலவறைக்கு இறங்கி
வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே
பெட்டியோடு குந்தினான்.
இரண்டு கோபுரங்களை மண் மறைத்துக்கொண்டது.

"பதினான்கு, ஒன்பதாம் சாலையில் மாடு நிற்கிறது.
கறுப்பு மாடு."
"இருட்டும் கறுப்புதான் ஆர்டித். போகிறேன்."
சிரித்தாள்.
பொத்தானை விடுமுன் ஒரு இருமல்.

சளி என்று காலையில் சொல்லவேயில்லை.

முழங்கால் மரத்துவிட்டது.
அசைந்தால் போய்விடும்.