கம்பி வெளியே

இரவு இரண்டு இருபது.
மின்சாரம் போய் ஜெனரேற்றர் பிடிக்கும்வரை
ஐசியூவில் ஒருவரும் மூச்சுவிடவில்லை,
வென்ரிலேற்றர்களைத் தவிர.

நாலாம் கட்டில். குருநகர் எமிலியாம்பிள்ளை.
காலில் திருக்கை முள் ஏறி ஐந்து நாள்,
இரத்தமெல்லாம் கிருமி.
கையில் ஒரு நாளமும் அகப்படவில்லை.
கழுத்தால்தான் போகவேண்டும்.

டொக்டர் கஜவதனன் நித்திரை கொண்டு
முப்பத்தொரு மணித்தியாலம்.
"கெதியாத் தாங்கோ மிசி."
நான் கெதியாகக் கொடுக்கவில்லை.
என் கையில் ஒரு மட்டை,
லமினேற் பண்ணியது, ஓரம் பிய்ந்தது.
ஒன்பதாம் கட்டில் பிள்ளைக்கு
குழாய் போட்ட ஆறாம் நாள் குளிர்காய்ச்சல் வந்ததே,
அதற்குப் பிறகு நாங்கள் எழுதியது.

கை கழுவியாச்சோ?
ஓம்.
தொப்பி, மாஸ்க், கவுண்?
ஓம், ஓம்.
அரைவாசி மூடும் துணியைத் தள்ளிவிட்டு
தலை தொட்டுக் கால்வரை வருவதைப் பிரித்தேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மருந்து பூசியாச்சு.
இனி அது காயவேண்டும், முப்பது விநாடி.
ஒரு மனிதன் போய்க்கொண்டிருக்கும்போது
முப்பது விநாடி எவ்வளவு நீளம்!
வாய்விட்டு எண்ணினேன்.
பதினேழில் அவர் கை ஊசிக்குப் போனது.
"இன்னும் காயேல்லை, டொக்டர்."

பத்து வருசமாய்
'ஓம் டொக்டர்' மட்டும் பழகிய வாய்.

ஸ்கான் திரையில் இரண்டு கறுப்பு வட்டம்.
அமுக்கச் சப்பளிந்து போவது நாளம்.
அமுக்க அமுக்கத் துடிப்பது நாடி.
பணிந்து போவதைப் பார்த்துத்தான் குத்தவேண்டும்.
(எழுதும்போது சிரிப்பு வருகிறது.
அப்போது வரவில்லை.)

ஊசி. கருஞ்சிவப்பு. கம்பி.
கம்பிமேல் வழுக்கிக் குழாய் இறங்கியது.

மட்டையின் கடைசி வரி:
"கம்பி?"
அவர் என்னைப் பார்த்தார்.
நான் குழாயின் வாலைப் பார்த்தேன்.
அங்கே ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

"தள்ளாதேங்கோ."

குழாயை அவர் பின்னுக்கு எடுத்தார்,
ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை.
ஈர்க்கு நுனிபோல் அது தலைகாட்டியது.
பிடித்தார். உருவினார், முழு நீளமும்.
"கம்பி வெளியே," என்றார்,
எனக்கு மட்டும் கேட்கும்படி.
எல்லோருக்கும் கேட்கும்படி நானும் சொன்னேன்.
எழுதினேன்: இரண்டு ஐம்பத்தொன்று.

விடிய மகன் வந்தான்,
திருக்கை முள்ளை ஜாம் போத்தலில் போட்டுக்கொண்டு.
"மருந்துக்கு உதவுமோ மிசி?"
வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.
முள் ஒன்று. கம்பி ஒன்று.
இரண்டும் அவருக்கு வெளியே.