ஏழுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம்

மத்தி வாடையும் டீசல் வாடையுமாக வந்தார் வீட்டோல்ட்,
க்டினியா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
கைக்குட்டையில் மூன்று முடிச்சு.
மூன்றாவது அவிழ்வதற்குள்
வெளியே இரண்டு ட்ராலிபஸ் போய்விட்டன.

"புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்கள்.
முகப்புக்கு வெள்ளை அடியுங்கள்.
முள்ளுக்குப் பச்சை வையுங்கள், இருட்டில் தெரியட்டும்.
ஒரு கீறல் இருக்கக் கூடாது."

யாருடையது என்றேன்.
"அம்மாவுடைய புருஷனுடையது.
செவெரின் என்று பெயர்."
அப்பா என்ற சொல்
அந்த வாக்கியத்தை ஒருமுறை சுற்றி வந்து
உட்கார இடமில்லாமல் போயிற்று.

நான் கடிகாரக்காரி.
திறந்ததைத்தான் பார்ப்பேன்.

பதினைந்து கல், ஒன்றும் விரியவில்லை.
எண்ணெய் மட்டும் மெழுகாக உறைந்திருந்தது.
சமநிலைச் சக்கரத்தை மெல்ல ஊதினேன்:
ஒரு சுற்று, அரைச் சுற்று,
பிறகு போதும் என்றது.

முகப்பு, பால் விடாத தேநீரின் நிறம்.
முள்ளில் பூசிய ரேடியத்தின் ஒளி
செத்து வெகுகாலம் ஆகிறது;
நஞ்சு மட்டும் இன்னும்
நாள் தவறாமல் வேலைக்குப் போய் வருகிறது.
"இதைச் சுரண்ட மாட்டேன்.
இருட்டில் மணி பார்க்க
உங்களிடம் போன் இருக்கிறது."

மூடியின் உட்புறத்தில்
எனக்கு முன்னே திறந்தவர்கள் ஊசியால் கீறியவை,
லென்ஸ் வைத்தால்தான் எழுத்தாகும்:
அறுபத்தாறு, எண்ணெய்.
எழுபத்திரண்டு, ஸ்பிரிங்.
எழுபத்தொன்பது ஏப்ரல், கண்ணாடி.

வாய்விட்டுப் படிப்பது என் கெட்ட பழக்கம்.
வீட்டோல்ட் விரல் மடக்கி எண்ணினார்.
கண்டெய்னர் இறக்குகிற நிதானம்.

"அப்போது எனக்குப் பதினொன்று.
குளிக்கப் போகும்போது கழற்றி வைத்திருந்தார்.
எடுத்து ரேடியேட்டர் மேல் ஓங்கி அடித்தேன்.
ஏன் என்று கேட்கவில்லை அந்த மனுஷன்.
ஒரு வாரம் வெறுங்கையோடு யார்டுக்குப் போனார்.
மணிக்கட்டில் வெயில் படாத வட்டம்.
அதைப் பார்க்காமல் சூப் குடிக்கப் பழகினேன்.
பிறகு புதுக் கண்ணாடியோடு திரும்பி வந்தது.
சரி, முடிந்தது என்று நினைத்தேன்."

முடியவில்லை. எஃகு உறையின் ஓரத்தில்,
ஏழுக்குப் பக்கத்தில்,
எள் விழுந்த அளவுக்கு ஒரு பள்ளம்.
அன்றைக்கே அரம் போட்டுச் சமன் செய்திருக்கலாம்,
அரைமணி வேலை.
யாரோ வேண்டாம் என்றிருக்கிறார்கள்.
அல்லது அந்த மாதச் சம்பளம்
கண்ணாடியோடு தீர்ந்திருக்கும்.
உலோகம் இரண்டையும்
ஒரே மாதிரிதான் வைத்துக்கொள்கிறது.

வீட்டோல்ட் கட்டைவிரலால் அந்த இடத்தைத் தேடினார்.
விரல் பெரிது, பள்ளம் சிறிது;
நகத்தால்தான் அகப்பட்டது.
நெடுநேரம் கழித்து,
"பாலிஷ் போடும்போது
இதுவரைக்கும் வந்து நின்றுகொள்ள முடியுமா?"

முடியும். போடுவதைவிடக் கஷ்டம்.

பதினாறு நாள்.
ஒவ்வொரு கல்லையும் குளிப்பாட்டினேன்.
புது ஸ்பிரிங், ஊசிமுனை எண்ணெய்.
முகப்பின் தூசியை மட்டும் தூரிகையால் தட்டினேன்,
தேநீர் நிறம் அப்படியே இருக்கிறது.
நாளைக்கு நாற்பது நொடி முந்துகிறது.
இந்த வயதில் அதற்கு மேல் அதட்டக் கூடாது.
மூடியின் உட்புறத்தில் என் ஊசியால்
ஆண்டு, எண்ணெய், ஸ்பிரிங் என்று கீறி,
கொஞ்சம் யோசித்து,
பள்ளம், தொடவில்லை
என்றும் சேர்த்தேன்.
அடுத்து திறப்பவருக்குக் குழப்பம் வேண்டாம்.

பில்லைப் பார்த்தார்.
"தொடாததற்கும் கூலியா?"
"அதற்குத்தான் அதிகம்."
சிரிக்கவில்லை. சில்லறை வரை எண்ணி வைத்தார்.

வாரில் நான்காம் ஓட்டை நீண்டு தேய்ந்திருந்தது.
இவர் கைக்கு இரண்டாவதுதான் சரி.
நான்காவதில் மாட்டிப் பார்த்தார்,
தொளதொளவென்று உருண்டது.
அப்படியே விட்டுக்கொண்டு வெளியே போனார்.

எதிரே ட்ராலிபஸ் நிறுத்தத்தில்
பெரிய மின்கடிகாரம் ஒன்று இருக்கிறது.
அதன் நேர் கீழே நின்று
சட்டைக் கையை மேலே தள்ளி
மணி பார்த்தார்.