ஓரத்துக் குதிரை

தோ பாயோ சமூக மன்றம், மூன்றாம் மாடி.
ஞாயிறுகளில் மட்டும் நடக்கும் போட்டி,
ஐந்தாம் சுற்று, பதினோராம் பலகை.
குளிரூட்டி காதுமடலைக் கடித்தது.
எதிரே மரிவிக்.
நாற்காலியில் தொங்கிய துணிப்பையிலிருந்து
எட்டிப் பார்க்கும் செலரித் தண்டு.

ஆறு வாரமாக
ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை
நின்றுகொண்டே சிசிலியன் படித்திருந்தேன்.
பீஷானில் ராணி எங்கே நிற்கும்,
நியூட்டன் தாண்டினால் எந்தச் சிப்பாய் விழும்,
பதினேழு நகர்வும்
நிலையங்களோடு சேர்த்து மனப்பாடம்.

ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார்.
நான் என் சிசிலியனைத் திறந்தேன்.
அடுத்து
ராணிப்பக்கக் குதிரையைத் தூக்கி
ஓரத்தில் வைத்தார்,
ஈரக்குடையைச் சுவரில் சாய்ப்பதுபோல.

பதினேழு நகர்வும்
சுரங்கத்தில் நின்றுவிட்ட ரயில்.

போன ஞாயிறு, காப்பி இயந்திரத்தருகே
யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்:
"படிக்க எனக்கு நேரமில்லை.
அதனால் யாரும் படிக்காததை ஆடுகிறேன்."

மூன்றே தாவலில்
நடுப்பலகையில் குடியேறிவிட்டது அந்தக் குதிரை.
விரட்ட என்னிடம் ஒரு சிப்பாயும் இல்லை.

ஆறே முக்கால்.
எங்கள் நடுவே துடித்த கடிகாரத்தை அவர் பார்க்கவில்லை.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
எட்டுக்குள் பாசிர் ரிஸ்ஸில் இருக்க வேண்டும்,
வேலை பார்க்கும் வீட்டில் அப்படித்தான் பேச்சு.
நடுவரிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டிருந்தது.
என் கணக்கில் முப்பத்தொரு நிமிடம் மிச்சம்.
எனக்கென்று மிஞ்சிய
நல்ல காய் அது ஒன்றுதான்.

யோசிப்பதுபோல் உட்கார்ந்தேன்.
விதியில் தடையில்லை.
யானை எங்கே போகவேண்டுமென்று
முதல் நிமிடத்திலேயே தெரியும்.
செலரி இலை துவண்டுகொண்டிருந்தது.
ஒருமுறை அதை உள்ளே தள்ளிவிட்டு
மீண்டும் கைகட்டி அமர்ந்தார்.

ஏழு பத்து. யானையை நகர்த்தினேன்.
அவர் ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கி வைத்து
"டிரா?" என்றார்,
வென்றுகொண்டிருந்தவர்.

கை குலுக்கினோம். ஆளுக்கு அரைப் புள்ளி.
கையெழுத்துப் போட்டார், பையை மாட்டினார்,
மின்தூக்கிக்கு நிற்காமல் படியில் ஓடினார்.
செருப்பொலி இரண்டு மாடி வரை கேட்டது.

பிரேடல் தாண்டும்போது ஆட்டத்தாளைப் பிரித்தேன்.
இரண்டாம் வரியில், என் கையெழுத்தில்,
வேறொரு குதிரை,
புத்தகம் சொன்ன கட்டத்தில்.
அவர் வைத்த ஓரத்தை
நான் எழுதவே இல்லை.