சக்கரம் தொடாத வெள்ளை

பிப்ரவரி. தம்பெரே. காலை ஏழு, இன்னும் இருட்டு.
பனிவாரி வண்டி வருவதற்குள் நான் வந்தாக வேண்டும்,
கழுத்தில் கேமரா, கையில் அளவு நாடா,
மூக்கு இருக்கிறதா என்று
அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டு.

பள்ளிக்கூட முனையில்
இரவெல்லாம் கார்கள் திரும்பியிருக்கின்றன.
போன தடம் கறுப்பு.
போகாத இடம் வெள்ளை,
கடித்து வைத்த அப்பளம் போல மூலையில்.

அளந்தேன். ஏழு மீட்டர் நாற்பது.
யாருக்கும் தேவைப்படாத ஏழு மீட்டர் நாற்பது.
அறுபதுகளில் என் நாற்காலியில் இருந்த எவரோ
கவராயத்தை ஒரு சுற்றுச் சுற்றிக்
கார்களுக்குத் தானம் எழுதிவிட்டார்.

முப்பது என்று பலகை சொல்கிறது.
அகன்ற வளைவோ காதோரம்
போ, போ என்கிறது.
யார் பேச்சு எடுபடும்?

நவம்பரில் இதே இடத்தில்
ஹில்லாவின் சறுக்குவண்டி நொறுங்கியது.
ஹில்லா ஓரடி பின்னால் நின்று
கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.
அந்தக் கையுறையைப் பற்றி
என் அறிக்கையில் எழுத இடமில்லை.

கூட்டத்தில் குப்பை லாரி வெய்க்கோ எழுந்தார்:
"குறுக்கினால் என் லாரி திரும்பாது."
நாளைக்குப் புதுப்பனியில்
உங்கள் இஷ்டப்படி திருப்புங்கள் என்றேன்.
திருப்பினார். இறங்கினார்.
தன் தடத்தின் மேல் டார்ச் அடித்து
வெகுநேரம் பார்த்தார்.
"இவ்வளவுதானா?
இருபத்திரண்டு வருஷமாய்
இதைவிடப் பெரியவன் என்றல்லவா நினைத்தேன்."

மே மாதம் வெள்ளை இருந்த இடத்தில்
ஓரக்கல் பதித்துச் செங்கல் பாவினோம்.
நேர்த்தெருவை இரண்டு இடத்தில்
முழங்கை போல மடக்கினோம்.
மடக்கிய இடத்தில் ஒரு ரோவன் மரம்,
தொலைவு தெரியாமலிருக்க.
தீயணைப்புத் துறை
ஒரு மீட்டரைத் திருப்பிக் கேட்டது. கொடுத்தேன்.
தீயோடு எனக்கு வாதமில்லை.

ரொட்டிக்கடை ஸைமி
இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.
வேகமானி இருபத்தாறு காட்டுகிறது.

மறுபடி முதல் பனி.
பழக்கதோஷம், ஏழு மணிக்குப் போய் நின்றேன்.
செங்கல் மேல் சின்ன பூட்ஸ் தடம்,
ஒரு நாய்,
எதிரெதிரே இரண்டு ஜோடிக் கால்கள்
பனி இளகும்வரை நின்றிருந்த குழி.

அப்புறம், ஓரக்கல்லில் ஏறி இறங்கிய
அகலமான பின்சக்கரம் ஒன்று.
யாரென்று தெரியும்.
காலால் பனியைத் தள்ளி
மூடிவிட்டு வந்தேன்.