கதவை மறைக்காமல்

முதல் நாள் பயிற்சியில்
பாடம் பற்றி யாரும் பேசவில்லை.
நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளச் சொன்னார்கள்.
நான் மாணவன்.
வேதியியல் படித்த ஷு யீ ஆசிரியையாகி
என் முன்னே வந்து நின்றாள்.
"இப்போது கதவு தெரிகிறதா?"
தெரியவில்லை.
இரண்டு நிமிடம்தான்,
உள்ளங்கை வேர்த்துவிட்டது எனக்கு.
எழுதிக்கொண்டோம்:
கதவை மறைத்து நிற்காதே.
பையைத் தொடாதே.
ஏன் என்று கேட்காதே.

பிறகு உட்லண்ட்ஸ்.
தொழிற்பேட்டைக் கட்டடத்தின் நான்காம் மாடி.
கீழே லாரிகள் பின்வாங்கும் பீப் பீப்.
பெயர்ப்பட்டியலில் பதினொருவர்,
வருவது ஆறு, மழை என்றால் நாலு.
டீச்சரைச் சுருக்கி "சேர்" என்கிறார்கள் எல்லோரும்.
தமிழில் அது ஏவல் வினை.
யாரோடு சேர வேண்டும் என்றுதான்
ஒருவரும் சொல்வதில்லை.

"எத்தன வாரம் சேர் நீங்க?"
ரேணுஷா கேட்டாள், கதவோர நாற்காலியிலிருந்து.
பத்து என்றேன்.
"போன ஆளு எட்டு"
என்று ஹூடியை இழுத்து மூடிக்கொண்டாள்.
பெயரை அவள் கேட்கவேயில்லை.

ஏழாம் வாரம் மேற்பார்வையாளர் வந்தார்,
மடியில் டேப்லட், டேப்லட்டில் கட்டங்கள்.
என் திட்டத்தில் பின்னம்:
அறிமுகம் ஐந்து நிமிடம், குழுவேலை பதினைந்து.
ஐசாட் மேசையில் கவிழ்ந்திருந்தான்.
இரவில் அவன் காப்பிக்கடையில் தட்டு எடுப்பது
எந்தக் கோப்பிலும் இல்லை.
இரண்டு பரோட்டா, மூன்று பேர்,
ஆளுக்கு எவ்வளவு என்றேன்.
குளிர்சாதனம் மட்டும் முனகியது.
தலை தூக்காமலே ஐசாட் சொன்னான்:
"முதல்ல எழுந்திருக்கிறவனுக்கு ரெண்டு.
மத்தவனுக்கு மைலோ."
வகுப்பே சிரித்தது. ரேணுஷாவும்.
மூன்றில் இரண்டு என்று யாரும் சொல்லவில்லை.
நானும் சொல்ல மறந்துவிட்டேன்.
சிரித்துக்கொண்டிருந்தேன்.
"கற்றல் நோக்கம் எட்டப்படவில்லை."
உண்மைதான். கையெழுத்திட்டேன்.

கடைசி நாள்.
அட்டைப்பெட்டியில் மார்க்கர்கள், பாதி பிஸ்கட் டின்,
ஐசாட் திருப்பித் தந்த கால்குலேட்டர்
(அது காணாமல் போனதே எனக்குத் தெரியாது).
பெட்டியோடு வந்தபோது
ரேணுஷா நாற்காலியைக் கால்களால் உந்தி
ஒரு சாண் நகர்ந்துகொண்டாள்.
"கதவு தெரியுதுல்ல சேர்? போங்க."
போனைப் பார்த்தபடியே சொன்னாள்.
எங்கே படித்தாள் அதை?
கேட்கவில்லை.

ரயிலில் மடிமீது ஒரு படிவம்:
எங்கே பணியாற்ற விருப்பம்,
காரணம் ஐம்பது சொற்களில்.
அட்மிரல்ட்டி, செம்பவாங், கென்பரா.
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
காத்திப்பில் இறங்க வேண்டியவன்
நிமிர்ந்தபோது அங் மோ கியோ.