பதினாறு நாளுக்கு ஒருமுறை

வாழைச்சேனைத் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த
ஆழ்கடல் போட்டின் கூரையில் ஏறி
அன்டெனாவின் கழுத்தில் உப்புச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
கீழே ஐஸ் உடைத்தபடி கோபாலரெத்தினம்:
"சந்திரனுக்குப் போனதெண்டு சொல்றானுகளே,
நீயும் நம்புறியா புள்ள?"

என் பதில் அவருக்குத் தேவைப்படவில்லை.
காத்தில்லாத இடத்தில கொடி ஆடினது எப்பிடி.
படத்தில ஒரு நட்சத்திரமும் ஏன் இல்ல.
பூமி கிழக்கால சுத்துதெண்டா
எஞ்சினை நிப்பாட்டிப் போட்டுப் படுத்திருந்தாக் காணும்,
விடியறதுக்குள்ள கரையே வந்து போட்டில முட்டும்,
நாலு நாள் டீசல் மிச்சம்.

கொடிக்கு மேலே குறுக்காக ஒரு கம்பி,
சேலை காயப்போடுகிற மாதிரி, என்றேன்.
நட்சத்திரத்துக்கு அவருடைய போனையே வாங்கினேன்.
கணவாய்க்கு லைட் போட்ட இரவில் எடுத்த படம்:
ஆட்கள் பளிச்சென்று, மீன் பளிச்சென்று,
வானம் வெறும் தார்.
உற்றுப் பார்த்தார்.
"என்ட போன் மலிவு" என்றார்.

ஓட்டமாவடியிலிருந்து ஐஸ் ஏற்ற வரும் அஸ்மீர் சிரித்தான்.
"கண்ணால காணாட்டி
எங்கட வாப்பா பிறையையே நம்பமாட்டார்."

சரி, இந்த ஜீபிஎஸ்?
இருநூறு மைலுக்கு அப்பால்
சூரை கூடுகிற இடத்தைக் காட்டித் தருவது யார்?
"அது சிப்புக்குள்ள எழுதி வச்சிருக்கானுகள்,
கடல முழுக்க."
நகத்தளவு தகட்டில் முழுக்கடல்.
ஒரு கணம் எனக்கே அதை நம்ப ஆசை வந்தது.

கொழும்புக்குத் தெரியவேண்டும் என்று
போட்டில் பூட்டச் சொன்ன பெட்டி ஒன்றும் இருக்கிறது.
அதை மட்டும் அவர் முழுதாக நம்புகிறார்.
அதற்கு முன்னால் நின்று சாறனைக்கூட மாற்றிக் கட்டமாட்டார்.
மாமா, அதுவும் செய்மதிதானே என்றேன்.

ஐஸ் உடைக்கிற சத்தம் நின்றது.

"மேல ஒரு கண் இருந்தா
தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில
புனானை ரோட்டால சைக்கிள்ள போன
என்ட தம்பிய அது கண்டிருக்கும்.
எந்த இடத்தில மறிச்சது,
எந்த லொறியில ஏத்தினது,
மறுகா எங்க.
ஒரு படம் இரிக்கும் கா.
அதக் கொண்டு வா.
கொடியையும் நம்புறன், உருண்டையையும் நம்புறன்."

அன்றிரவு தேடினேன்.
பழைய படங்கள் கிடைக்கின்றன, காசு கேட்பதில்லை.
அந்த மாதத்துக்கு ஒன்றே ஒன்று.
ஒரு புள்ளி முப்பது மீற்றர்.
களப்பு கறுப்பாக, வயல் வைக்கோல் நிறத்தில்,
ரோட்டு ஓடவேண்டிய இடத்தில்
ரோட்டாக இருக்கலாம் என்கிற ஒரு சந்தேகம்.
ஒரு புள்ளிக்குள் பத்து லொறி நிற்கும்.
ஒரு சைக்கிள் எத்தனையில் ஒரு பங்கு என்று
கணக்குப் பார்க்கத் தொடங்கி, விட்டேன்.
பதினாறு நாளுக்கு ஒருமுறை கடந்து போகிற கண்.
அவர் சொன்ன வியாழக்கிழமையில்
அது வேறு யாருடைய வயலுக்கு மேலேயோ.

அச்செடுத்துக் காட்டியிருந்தால்
வாதத்தில் நான் வென்றிருப்பேன்.
இதோ மாமா, மேலே கண் இருந்தது.
இருந்தது, ஆனால் இவ்வளவுதான் பார்த்தது என்பதை
எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கிச் சொல்வது.
மடிக்கணினியை மூடினேன்.
மூடிய பிறகும் அந்த வைக்கோல் நிறம்
கண்ணுக்குள் கொஞ்ச நேரம் கிடந்தது.

வெள்ளண போட்டுக்குப் போய் வயரைப் பூட்டினேன்.
திரையில் செய்மதிகள் ஒவ்வொன்றாக ஏறின:
ஐந்து, எட்டு, பிறகு ஒன்பது.
அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.
கண்ணாடியை விரலால் ஒருதரம் தட்டினார்,
வாங்கப்போகும் சட்டியைத் தட்டிப் பார்ப்பதுபோல.
"தேடினேன் மாமா.
அன்றைக்கு அந்தப் பக்கம் முழுக்க மேகம்."

அணியத்தில் குந்தி கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர்
கையை நிறுத்தவில்லை.

"மேகமில்ல புள்ள.
அண்டைக்கு வலை காயப்போட்டிருந்தம்.
மத்தியானத்துக்குள்ள காஞ்சி போச்சி."