தாக்கல்

எங்கள் பக்கம் தாக்கல் என்றால் செய்தி.
சாவு, சீர், கிணற்றில் மாடு விழுந்தது,
எதுவானாலும் ஆள்விட்டுத் தாக்கல் சொல்வது.
செவ்வாய் விடியலில் தூத்துக்குடி ஏஜெண்டு
போனில் தாக்குதல் என்றார்.
கோழிக் கூச்சலில் எனக்குத் தாக்கல் என்று விழுந்தது.
"என்ன தாக்கல், சொல்லுங்க" என்றேன்.
கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

பக்கத்து நாட்டுத் துறைமுகத்துக்கு
நாலு கடல்மைல் வெளியே நிற்கிறது
எங்கள் குளிர்பெட்டி.
நாலே முக்கால் லட்சம் முட்டை.
மோகனூர் ரோட்டுப் பண்ணைகளில்
ராத்திரியும் விளக்கெரித்து இடவைத்தவை.
கப்பலுக்கு வலப்பக்கம் ஒரு வல்லரசின் போர்க்கப்பல்.
இடப்பக்கம் அதற்கு ஆகாத பங்காளி.
இரண்டும் அமைதி காக்க வந்தவையாம்.
இரண்டும், நீ முதலில் போ என்கின்றன.
கரையில் ஆறு வருஷமாக
ஒரே மொழியில் வைதுகொண்டு
சுட்டுக்கொள்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள்.
அவர்களை இப்போது யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

டீக்கடையில் கேட்டால் எல்லாம் தெரிகிறது.
தீவனக்கடை சென்னிமலை ஒரு வல்லரசு,
லாரி புக்கிங் அர்த்தநாரி இன்னொன்று.
சிந்திய டீயில் விரலால் கடல் வரைந்து
பிஸ்கட்டைக் கப்பலாக நிறுத்தி
"இங்கிருந்து ஒண்ணு உட்டான்னா" என்கிறார் ஒருவர்.
"உட்டுப் பாக்கட்டும்" என்கிறார் மற்றவர்.
பிறகு துணி வந்தது. கடலைத் துடைத்தார்கள்.
முட்டை போண்டா ஒரு ரூபாய் குறைந்திருந்தது.

மத்தியானம் இன்சூரன்ஸ் படிவம் வந்தது.
ஏழாம் கட்டம்: இழப்பின் காரணம்.
உள்நாட்டுப் போர் என்றால் பாதிப் பணம்.
அந்நிய அரசின் பகைச்செயல் என்றால் கைவிரிப்பு.
பீரங்கி ஒரு நாட்டில் செய்தது,
குண்டு இன்னொரு நாட்டுக் கடன்,
திரியில் கைவைத்தவன் அந்தத் தெருவிலேயே பிறந்தவன்.
அரை விரல் அகலம்தான் இடம் விட்டிருந்தார்கள்.
முதலாளி எட்டிப் பார்த்தார்.
"உள்நாடுன்னே போட்டுருங்க.
அவுங்க சண்டை அவுங்க சண்டையாவே இருக்கோணும்."

போன் சத்தம் எட்டாத இடம்
இருட்டறை ஒன்றுதான்.
அங்கே பூவாத்தாள் ஒவ்வொரு முட்டையாய்
விளக்கின் மேல் வைத்து உள்ளே பார்ப்பாள்.
ஓடு கரைந்து, இளஞ்சிவப்பாய் ஒரு சின்ன வீடு தெரியும்.
ஒன்றை எடுத்து ஒதுக்கினாள்.
ரத்தப் பொட்டு.
"இது கோழி மேல குத்தமில்லீங்க.
போன வாரம் கூண்டுக்கு வெளிய
ரெண்டு நாய் சண்டை போட்டுதுங்க.
மெரண்டா இப்படி வரும்."
நாய்கள்?
"அதுகளுக்கு ஒண்ணும் ஆவுலீங்க.
போயிருச்சுங்க ரெண்டும்."

அக்கரையில் எங்கள் முட்டையை இறக்குகிற ஹனீபாவை
நான் பார்த்ததில்லை. குரல்தான் பழக்கம்.
தமிழ் பேசுவார், எங்கள் தமிழ் இல்லை.
முதலில் விலை கேட்டார், வழக்கம்போல் பேரம்.
பிறகு பேக்கரிகள் மூடிக் கிடப்பதாகச் சொன்னார்.
ஆஸ்பத்திரிக்கு ரெண்டாயிரம் மட்டுமாவது
சின்னப் படகில் எடுக்க முடியுமா என்றார்,
முன்பணம் தருவதாகவும்.
வியாழன் இரவு வந்தது
பதினாலு நொடிக் குரல்பதிவு.
பேச்சில்லை.
மின்விசிறி சுற்றுகிற சத்தம்,
பிறகு அது நிற்கிற சத்தம்.

ஏழாம் கட்டம் காலியாகவே கிடக்கிறது.
நாமக்கல் கோட்டைப் பாறை மேல் வெயில் இறங்கிவிட்டது.
ஹனீபாவுக்கு அடித்தேன்:
உடனே தாக்கல் சொல்லவும்.
அனுப்பப் போன விரல் நின்றது.
இந்த வார்த்தையை
அங்கே, இந்த நேரத்தில்,
அவர் எப்படிப் படிப்பார்?
அழித்துவிட்டு
சுகமா என்று மட்டும் போட்டேன்.

ஒற்றை டிக்.